பான்சியாவ் லின் மாளிகை

தைவான் தலைநகர் தைபே போகிறவர்கள் எல்லாரும் 101 மாடிக் கட்டடத்துக்கு ஓட, நான் மெட்ரோ பிடித்து பான்சியாவில் இருக்கும் லின் குடும்பத் தோட்டத்துக்குப் போனேன். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துச் சாங்சோவிலிருந்து வந்து அரிசி வியாபாரத்தில் செழித்த குடும்பம், 1847-இல் குத்தகை நெல் வசூலிக்கக் கட்டிய வீடுதான் தொடக்கம், 1893-இல் தோட்டம் முழுமையானது.

எனக்குப் பிடித்தது சுவர் ஜன்னல்கள். ஒன்று பட்டாம்பூச்சி, இன்னொன்று வௌவால்! பாழடைந்த வீட்டில்தானே வௌவால் என்று சிரித்தேன், அப்புறம்தான் தெரிந்தது, சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே ஒலி, 'ஃபூ'.

குளத்தருகே சொந்த ஊர் மலைகளின் நினைவாகச் செயற்கைக் குன்றுகள் வேறு. 1949-க்குப் பிறகு சீனாவிலிருந்து வந்த அகதிகள் இந்த மண்டபங்களில்தான் குடியிருந்தார்களாம். அடுப்பை எங்கே மூட்டியிருப்பார்கள் என்று தேடிக்கொண்டே நடந்தேன்.