வலி தெரியாமப் போயிட்டா?

"மாத்திரையப் போட்டு வலியே தெரியாமப் போயிட்டா, உள்ள ஏதாச்சும் ஆனா எப்படிம்மா தெரியும்?"

டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டே அந்த மாமியார் கேட்டது இது. மருமகளுக்கு லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, பித்தப்பை எடுத்து இரண்டாம் நாள். பின்னால் இன்னும் மூன்று பேர் சீட்டுக்கு நிற்கிறார்கள். "ஒண்ணும் ஆகாதும்மா, நேரா நேரத்துக்குப் போடச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியாயிற்று. எங்கள் சர்ஜரி வார்டில் எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் கேள்வி போகமாட்டேன் என்கிறது.

வலி வந்த பிறகு மாத்திரை தேடுவதைவிட, வருவதற்கு முன்பே போடுவது நல்லது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆபரேஷன் முடிக்கும்போது தொப்புளிலும் மற்ற ஓட்டைகளிலும் புப்பிவக்கெய்ன் என்ற மரப்பு ஊசி போடுவார்கள். அது நான்கு மணி நேரம், மிஞ்சிப்போனால் எட்டு மணி நேரம் தாங்கும். மத்தியானம் ஆபரேஷன் ஆனவர் சாயங்காலம் சிரித்த முகமாக இருப்பார். "ஊசி வேணாம் சிஸ்டர், வலியே இல்ல" என்பார். அந்தப் பேச்சை நம்பி மருந்தை விட்டால் ராத்திரி பத்து மணிக்கு மேல் மரப்பு விலகும். அப்போது டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு டிரமடால் என்ற பலமான வலி மருந்தைக் கேட்க வேண்டி வரும். டிரமடால் போட்டால் பலருக்குக் குமட்டும். வாந்தி எடுக்கும்போது தொப்புள் தையல் சுண்டி இழுக்கும். மறுநாள் மலச்சிக்கல் வேறு. எட்டு மணிக்கே ஒரு கிராம் பாராசிட்டமால் ஏற்றியிருந்தால் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போயிருக்காது.

வலிக்கிறது என்று அசையாமல் கிடந்தாலும் தொல்லைதான். மூச்சை ஆழமாக இழுக்கமாட்டார்கள், இருமவும் பயம். வலது நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தங்கும், காய்ச்சல் வரும். கால் ரத்தம் உறைகிற ஆபத்தும் கூடும். ஆக மாத்திரை வலிக்காக மட்டும் கொடுப்பதில்லை, மூச்சுக்கும் நடைக்கும் சேர்த்துத்தான். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவர் கேட்டது இதை இல்லையே.

வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற மாத்திரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பாராசிட்டமால் 650 தினம் நான்கு வேளை என்றால் 2,600 மில்லிகிராம். கூடவே அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து 100-ம் பாராசிட்டமால் 325-ம் சேர்ந்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் இன்னொரு 650. மொத்தம் 3,250. சராசரி எடையுள்ளவருக்கு நாள் எல்லை 4,000. அதனால் பரவாயில்லை. ஆனால் 45 கிலோ பெண்ணுக்குக் கிலோவுக்கு 60 என்று போட்டால் 2,700-க்கு மேல் போகக்கூடாது. இதற்கு மேல் வீட்டில் இருக்கிற சளி மாத்திரையையும் யாராவது கொடுத்தால், அதிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா, ரத்தம் நீர்க்கும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் பக்கம் போகக்கூடாது. இதைக் கேட்காமலே சீட்டில் எழுதிவிடுகிறவர்களும் உண்டு.

தோள்பட்டை வலிதான் வீட்டில் எல்லோரையும் மிரட்டும். வயிற்றில் ஆபரேஷன், வலது தோள் ஏன் குடைகிறது? கருவிகள் நுழைய இடம் வேண்டும் என்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்புவார்கள். முடியும்போது வெளியே விட்டாலும் கொஞ்சம் உதரவிதானத்துக்கு அடியில் தங்கிவிடும். அந்தத் தசைக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் தோலுக்கும் அதே வேர்தான், அதனால் கீழே உறுத்தினால் மேலே வலிக்கும். உட்கார்ந்தால் கூடும், மல்லாந்து படுத்தால் குறையும். நடக்கச் சொன்னால் எங்களை முறைப்பது இதனால்தான்.

'கேஸ்' என்று சொன்னவுடன் வீட்டில் சோடா வாங்கி வருவார்கள், பெருங்காயம் கரைப்பார்கள், ஓமத் தண்ணி கொடுப்பார்கள். இந்தக் கேஸ் குடலுக்கு வெளியே இருக்கிறது. ஏப்பமாக வராது, சோடா குடித்தால் வயிறு இன்னும் உப்பும், அவ்வளவுதான். அது ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே போய்விடும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில். அதுவரை பாராசிட்டமாலும் தோளில் மிதமான ஒத்தடமும் போதும். ஒத்தடப் பையைக் காயத்தின் மேல் வைக்கக்கூடாது. ஒரு விஷயம் மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது தோள் அல்லது தாடையில் வலி, மூச்சுத் திணறல் என்றால் கேஸ் என்று காத்திருக்கக்கூடாது.

எழுந்திருக்கிற விதத்திலேயே பாதி வலி குறையும். மல்லாந்த நிலையிலிருந்து தலையைத் தூக்கி எழுந்தால் வயிற்றுத் தசை முழுக்க இறுகி, தொப்புள் ஓட்டையில் சுருக்கென்று பிடிக்கும். பித்தப்பையை அது வழியாக வெளியே இழுத்திருந்தால் அதுதான் அதிகம் வலிக்கிற இடம். முட்டியை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையாலும் உள்ளங்கையாலும் ஊன்றி எழ வேண்டும். இருமும்போது மடித்த துண்டையோ தலையணையையோ வயிற்றோடு அணைத்துக்கொள்ளலாம். பாவாடை நாடா சரியாகத் தொப்புள் தையலில் போய் உட்காரும், பத்து நாள் நைட்டிதான் நல்லது. குத்தவைத்துக் கழிப்பறை போவது முதல் வாரம் சிரமம், நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

இனி அந்தக் கேள்வி. ஆபரேஷன் வலி நாளுக்கு நாள் இறங்கும். ஓட்டை போட்ட இடங்களில் இருக்கும், அசைந்தால் கூடும், படுத்தால் குறையும். பித்தநீர் கசிந்தால் பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் தெரியும். இறங்கிய வலி திரும்ப ஏறும், வயிறு முழுக்கப் பரவும், உப்பும், சாப்பாடு வேண்டாம் என்பார்கள், வாந்தி, காய்ச்சல், நாடி வேகம். பித்தக் குழாயில் கல் மிச்சமிருந்தால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும், மலம் வெளுக்கும். பாராசிட்டமால் இதையெல்லாம் மூடி மறைத்துவிடாது. அந்த அளவில் நான் சொன்ன பதில் சரி.

ஆனால் காய்ச்சலை மறைக்கும். ஆறு மணிக்கொரு தரம் பாராசிட்டமால் போடுகிறவருக்கு உடம்பு தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கும். அந்த அம்மா பயந்தது பாதி நியாயம். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் தெர்மாமீட்டர் வைக்கணும், போட்ட பிறகு வைத்துப் பிரயோஜனம் இல்லை. இதைச் சீட்டில் எழுத இடம் கிடையாது. சீட்டில் வலி மாத்திரைக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். என்று இருக்கும், அதாவது தேவைப்பட்டால் மட்டும். வாயால் நாங்கள் நேரா நேரத்துக்கு என்கிறோம். வீட்டுக்குப் போனவர் எதை நம்புவார்?

கேள்வியில் வேறொன்றும் இருந்ததோ என்று பிறகு தோன்றியது. அந்த மாமியாருக்கும் பித்தப்பை எடுத்திருக்கிறது, பழைய முறையில். மும்பையில் டாக்டர் உட்வாடியா 1990-ல் லேப்ராஸ்கோப்பியில் எடுத்துக் காட்டும் வரை இங்கே எல்லோருக்கும் வலது விலாவுக்குக் கீழே நீள வெட்டுதான். வலியோடு கிடந்ததால்தான் அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஓய்வே கிடைத்தது. மாத்திரை போட்ட மருமகள் முனகாமல் நடமாடினால், நான்காம் நாள் குடம் அவள் இடுப்புக்கு வந்துவிடும். நிறைகுடம் பதினைந்து கிலோ. நாங்கள் சொல்வதோ மூன்று நான்கு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது என்று. தொப்புள் ஓட்டையில் பின்னால் குடல் இறக்கம் வந்து நிற்கிறவர்களைப் பார்த்துத்தான் இருக்கிறோம். மாமியார் மருமகளைக் காக்கத்தான் கேட்டாரோ, வேலை நடக்குமா என்று கேட்டாரோ, முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மருமகள் பையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

மூன்று நாள் நேரத்துக்குப் போடு, நான்காம் நாளிலிருந்து ஒரு வேளையைத் தள்ளிப் பார், வலி நேற்றைவிடக் குறைந்திருந்தால் அப்படியே குறைத்துக்கொண்டு வா. இதுதான் என் கணக்கு. இதற்கும் எல்லா டாக்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ராத்திரி வார்டுக்குப் போன் வந்தால் முதலில் கேட்பது, "நேத்தைவிடக் கூடவா, குறைவா?" என்றுதான். மாத்திரை போட்டிருப்பவர் "குறைவுதான்" என்பார். அதனால் இப்போதெல்லாம் அந்தப் பதிலோடு விடுவதில்லை. மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் நாடியை எண்ணச் சொல்கிறோம். படுத்திருக்கும்போதே நூறுக்கு மேல் இருந்தால், வலி இல்லை என்றாலும் கிளம்பி வரச் சொல்லிவிடுகிறோம்.