ஒன்பதேகால்

ஜூன் 9
மகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி, இடது தொடை. ஊசிப் பென்னை அவளேதான் திருகினாள். டிக் டிக்கென்று பதின்மூன்று, 1.3 மில்லிகிராம். பார்க்காமலே எண்ணுகிறாள்.

ஜூன் 11
பள்ளி திறந்த இரண்டாம் நாளே சிவப்பு மை. 52இல் 17 போனால் 45. ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். போன வருடமும் இதே 45.

ஜூன் 14
நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றினேன். ஐஸில் படவும் கூடாது, உறைந்தால் வீண். 2 முதல் 8 டிகிரி. தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே சமையல். ரசத்தில் உப்பில்லை.

ஜூன் 20
ஊசிக்கு நேரமாச்சா என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்து “ரெண்டே முக்கால்” என்றாள். மணி ஒன்பதேகால். பெரிய முள் சின்ன முள் சொல்லிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. இதே பெண்தான் நாற்பது குறளைத் தடுக்காமல் ஒப்பிக்கிறாள். அவளுக்கு டர்னர் சிண்ட்ரோம், பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் இல்லை. எல்லா டர்னர் பெண்களுக்கும் இப்படி இல்லையாம், பலருக்கு உண்டாம்: பேச்சு கெட்டி, இடமும் எண்ணும் வழுக்கும். படித்தால் புரிகிறது. கடிகாரத்தின் முன்னால் நின்றால் கோபம்தான் வருகிறது. இன்றும் கத்தினேன்.

ஜூன் 27
அத்தை போன் செய்தார். “உங்க வீட்டுப் பக்கம் யாருக்குக் கணக்கு வந்துச்சு?” எக்ஸ் ஒன்று இல்லாமல் போனது யார் வீட்டுப் பக்கத்தாலும் இல்லை, தற்செயல் என்று எத்தனை தடவை சொல்வது? நான் பி.காம். அதைச் சொல்லவில்லை.

ஜூலை 4
126.4 செ.மீ. எடை 26. இதய எக்கோ சரியாக இருக்கிறது. பதினொரு வயது முடிந்துவிட்டதால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பிக்கலாம், ரொம்பக் குறைந்த அளவில் தொடங்கி இரண்டு மூன்று வருடத்தில் மெல்லக் கூட்டுவோம் என்றார் டாக்டர். கணக்கு வருமா என்று கேட்டேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, “ஊசி உயரத்துக்கு, மாத்திரை பருவத்துக்கும் எலும்புக்கும். கணக்கைத் தனியா உட்கார்ந்துதாம்மா சொல்லிக்கொடுக்கணும்” என்றார்.
ராத்திரி தேடினேன். ஈஸ்ட்ரோஜன் கொடுத்த டர்னர் பெண்களுக்குக் கை வேகமும் பார்த்துச் செய்யும் வேகமும் கூடியதாக 1998இல் ஓர் ஆய்வு. வேகம். கணக்கு என்று இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

ஜூலை 5
எல்லாரும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள்.

ஜூலை 11
“நல்லா பேசுறாளே, கணக்குல மட்டும் சோம்பல்” என்றார் டீச்சர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதில் கணக்குக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள்; அந்தப் பக்கத்தை நீட்டினேன். சான்றிதழ் கொண்டுவாங்க என்றார். அதற்கு மதிப்பீடு வேண்டும். அதற்குத் தேதி வேண்டும்.

ஜூலை 16
கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எண். 52 − 17 = 35! அடுத்ததே 60 − 24 = 44. நோட்டை மூடிவிட்டேன். இன்று கத்தவில்லை.

ஜூலை 19
முதல் மாத்திரை. “இதைப் போட்டா கணக்கு வருமாம்மா?” ஜூலை 4 அன்று கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

ஜூலை 23
பென் ஆறில் நின்றுவிட்டது. கார்ட்ரிட்ஜ் காலி. “இன்னும் ஏழு இருக்கும்மா” என்றாள் உடனே. கழித்தாளா, விரல் விட்டாளா? கை போர்வைக்குள் இருந்தது. கேட்கவில்லை. புதியதை மாட்டி ஏழு. இரண்டு குத்து, வலது தொடை.