அனாட்டமி முதலாண்டு: ரத்தப் பரிசோதனைத் தாள் முதல் ஸ்பாட் டெஸ்ட் வரை

கோலாலம்பூரில் மருத்துவமோ உயிர்மருத்துவ அறிவியலோ சேரப் போகிறவர்கள் நரம்பு, எலும்பைப் பற்றிக் கவலைப்படும் முன் ஹெப்பட்டைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) தடுப்பாற்றலைக் காட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பற்றிக் கவலைப்படுங்கள். அது கையில் இல்லாமல் எங்களை டிசெக்‌ஷன் ஹாலுக்குள் (உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) விடவில்லை. கடன், ஹாஸ்டல், மாணவர் அட்டை எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. இந்த ஒரு தாள்தான் இழுத்தடித்தது.

கிளினிக்கில் போய் "ஹெப்பட்டைட்டிஸ் பி டெஸ்ட்" என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் எச்.பி.எஸ்.ஏஜி மட்டும் பார்த்துக் கொடுப்பார்கள். கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. நெகட்டிவ் என்று வந்தால் தொற்று இல்லை, அவ்வளவுதான். தடுப்பாற்றல் இருக்கிறதா என்பதற்கு அதில் பதில் கிடையாது. கேட்கப்படுவது ஆன்டி-எச்.பி.எஸ் (தடுப்பாற்றல் புரதத்தின் அளவு), அதுவும் எண்ணோடு: மில்லிலிட்டருக்கு 10 எம்.ஐ.யு. அல்லது அதற்கு மேல். கிளினிக் கொடுத்த தாளில் "ரியாக்டிவ்" என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. கவுண்டர் கிராணி (எழுத்தர்) தலையை நிமிர்த்தாமலே தள்ளிவிட்டார்: "நோம்போர் தக் அடா, டிக்" (எண் இல்லையே). எண் பெரும்பாலும் லேப் அறிக்கையில் ஏற்கெனவே இருக்கும். கிளினிக்கில் கேட்டால் முழு அறிக்கையை அச்சிட்டுத் தருவார்கள், மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியைக் கவுண்டரில் சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சம். வெள்ளிக்கிழமை போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 12.15 முதல் 2.45 வரை அரசு அலுவலக ஓய்வு நேரம், அப்போது போனால் கதவைத்தான் பார்க்கலாம்.

"உனக்குப் பிறந்ததுமே ஊசி போட்டாச்சுப்பா" என்று அம்மா சொல்வது சரிதான். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்குள் அந்த ஆன்டி-எச்.பி.எஸ் அளவு 10க்குக் கீழே இறங்கியிருப்பது சகஜம். ஒரு பூஸ்டர் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு ஏறிவிடும். மூன்று ஊசியையும் முதலிலிருந்து போடச் சொன்னால் கணக்கு 0, 1, 6 மாதம், அதாவது அரை ஆண்டு. அதனால் இடம் கிடைத்த கடிதம் வந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

ஹாலுக்குள் போனபின் சில நடைமுறைகள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், ஃபார்மலின் (உடலைக் கெடாமல் வைக்கும் திரவம்) ஆவியில் கண் எரியும்போது அதைக் கழற்றுவதே பெரும்பாடு. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். லேட்டக்ஸ், ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடுக்கு நெடுநேரம் தாங்காது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயங்கி விழுந்தவர்களில் பயந்தவர்களைவிடப் பட்டினியாக நின்றவர்களே அதிகம். அறுக்கும் கத்தியில் 3ஆம் எண் பிடிக்கு 10, 11, 15 பிளேடு. 4ஆம் எண் பிடிக்கு 20 முதல் 24 வரை. பிளேடைக் கழற்ற விரலைப் பயன்படுத்தாமல் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடியுங்கள். தோலை வெட்டி முடித்ததும் கத்தியை வைத்துவிட்டு, மூடிய கத்தரிக்கோலைத் திசுவுக்குள் நுழைத்து விரித்து விரித்துப் பிரிப்பதே சரியான வழி. கத்தியால் சீவித் தள்ளுகிறவர்கள் கொழுப்போடு சேர்த்துத் தோல் நரம்புகளையும் குப்பைத் தட்டில் போட்டுவிட்டு, "எங்க டேபிள்ல அந்த நரம்பே இல்ல, டாக்டர்" என்பார்கள்.

போன் வெளியே. இதில் சலுகை கிடையாது, இருக்கவும் கூடாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சைலண்ட் மென்டர் திட்டத்தில் உடலைத் தானம் தந்தவர்களின் குடும்பத்தாரும் மாணவர்களைச் சந்திக்கிறார்கள். மேசையில் இருப்பவருக்கும் ஒரு வீடு இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

இனி ஸ்பாட் டெஸ்ட். வரிசையாக நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பெசிமென் (பதப்படுத்திய உடற்பகுதி), அதில் கொடி கட்டிய ஊசி, பக்கத்தில் கேள்வித்தாள். மணி அடித்தால் அடுத்த நிலையம், ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம். படித்தவர்களே இதில் விழுகிறார்கள். காரணம், படித்தது வண்ண மாடலிலும் முப்பரிமாண ஆப்பிலும். அங்கே தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். ஃபார்மலினில் கிடந்த உடலில் மூன்றுமே பழுப்பு. உடலில் நிறத்தைவிடச் சுவரும் துளையும்தான் துணை: தமனிக்குச் சுவர் தடிப்பு, வெட்டு வாயில் துளை திறந்தே நிற்கும். சிரை சப்பையாகப் படிந்திருக்கும், உள்ளே கறுத்த ரத்தக் கட்டி தெரியலாம். நரம்புக்குத் துளையே கிடையாது. நைந்த பருத்திக் கயிறுபோல நீளவாட்டில் இழை தெரியும். மாடலை நம்பினவர்களுக்கு இன்னொரு பொறி நுரையீரல் தமனி. ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் என்பதால் மாடலில் அதற்கு நீலம் பூசியிருப்பார்கள். நீலம் என்றாலே சிரை என்று பழகிய கை தேர்வில் சிரை என்றே எழுதும்.

பிரேக்கியல் பிளெக்ஸஸில் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) வேரிலிருந்து எண்ணத் தொடங்காதீர்கள். தண்டுவட நரம்பு சி5 முதல் டி1 வரை, 5 வேர், 3 டிரங்க், 6 டிவிஷன், 3 கார்டு, 5 கிளை எல்லாம் தியரித் தாளுக்கு. ஸ்பெசிமெனில் ஆக்ஸிலரி (அக்குள்) தமனியைப் பிடியுங்கள். அதன் முன்பக்கம் நரம்புகளால் ஆன எம் (M) வடிவம் தெரியும். வெளிக்கால் மஸ்குலோகியூட்டேனியஸ், நடுக்கூர் மீடியன், உட்கால் அல்நார். வெளிக்கால் கோரக்கோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துப் போகிறதா என்று பார்த்தால் பக்கமும் உறுதியாகிவிடும்.

எந்தத் தசைக்கு எந்த நரம்பு என்று கேட்டால் மதிப்பெண் போவது பெரும்பாலும் இரண்டு நரம்பு பெறும் தசைகளில். முன்கையின் முன்பக்கத் தசைகள் மீடியன் என்று ஒரே அடியாக எழுதிவிட்டுப் போகிறோம். ஃபிளெக்ஸர் கார்பை அல்நாரிஸ் முழுக்க அல்நார். ஃபிளெக்ஸர் டிஜிட்டோரம் புரோஃபண்டஸில் உட்பாதி அல்நார், வெளிப்பாதி மீடியனின் ஆன்டீரியர் இன்டராஸியஸ் கிளை. தொடையில் அடக்டர் மேக்னஸ்: அடக்டர் பகுதிக்கு ஆப்டுரேட்டர், ஹேம்ஸ்ட்ரிங் பகுதிக்கு சயாட்டிக்கின் டிபியல் பகுதி. ஊசி எந்தப் பகுதியில் குத்தியிருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் பாதிதான் வரும்.

அடுத்த சனியன் வலமா, இடமா. பக்கம் எழுதாத விடைக்கு எங்கள் துறையில் இரக்கமே இல்லை. நுரையீரலில் பிளவுகளை எண்ணி மூன்று மடல் வலம், இரண்டு இடம் என்று போகலாம். ஆனால் பிளவு முழுமையாக இல்லாத நுரையீரல்கள் நிறைய உண்டு, ஆசிரியர்களும் அதையே எடுத்து வைப்பார்கள். ஹைலத்தைப் (குழாய்கள் நுழையும் வாய்) பாருங்கள்: வலத்தில் தமனி பிராங்கஸுக்கு (மூச்சுக்கிளைக்குழாய்) முன்னே, இடத்தில் தமனி பிராங்கஸுக்கு மேலே. தனியாகக் கிடக்கும் சிறுநீரகத்துக்கு முன்னிருந்து பின்னாகச் சிரை, தமனி, யூரெட்டர் (சிறுநீர்க்குழாய்). யூரெட்டர் கீழ்நோக்கிப் போகும். ஹைலம் உடலின் நடுக்கோட்டைப் பார்க்கும். இவ்வளவு தெரிந்தால் பக்கம் வந்துவிடும். ஃபிபுலாதான் (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க மெல்லிய எலும்பு) எல்லாரையும் அழவைப்பது. கணுக்கால் முனையைக் கீழே பிடித்து, அதிலுள்ள மல்லியோலர் குழி உங்களைப் பார்க்கும்படி திருப்புங்கள். இப்போது எலும்பைப் பின்பக்கமிருந்து பார்க்கிறீர்கள். மூட்டுப் பரப்பு உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் அது வலது ஃபிபுலா.

எலும்பைப் பிளாஸ்டிக்கில் மட்டும் படிப்பதும் ஆபத்து. மலிவான பிளாஸ்டிக் செட்டில் சிறு துளையும் வரியும் மழுங்கியிருக்கும், அந்த மல்லியோலர் குழியே சரியாகத் தெரியாது. உலகத்துக்கே எலும்பு ஏற்றுமதி செய்த இந்தியா 1985இல் அதை நிறுத்திவிட்டது. அதனால் துறையில் பழைய உண்மை எலும்புப் பெட்டி இருந்தால் அதுதான் பொக்கிஷம். லேப்பில் இருக்கும் அபாங்கிடம் (உதவியாளர் அண்ணன்) மரியாதையாகப் பேசி வையுங்கள், சாவி அவரிடம்தான். எங்களுக்கு வயிற்றெரிச்சல் இதில்தான்: ஸ்பெசிமென் மியூசியத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரம் மூடிவிட்டார்கள். தேர்வுக்கு வைக்க ஸ்பெசிமென்களை எடுத்துவிடுகிறார்களாம். அறிவிப்பு ஒட்டியது மூடிய பிறகு. கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வந்த பிள்ளைகள் பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். கடைசி வாரத்துக்கென்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

எம்பிரியாலஜி (கருவியல்) தாளில் பழைய கேள்விகளே சுற்றிச் சுற்றி வந்தன. சீனியர் அக்காக்கள் தரும் தொகுப்பு போதும்.

ஹிஸ்டாலஜியில் (திசுவியல்) ஸ்லைடை நேரே 40 மடங்கு லென்ஸில் வைத்து முழிக்காதீர்கள். படிக்கும்போது முதலில் வெள்ளைத் தாள் மேல் வைத்து வெறும் கண்ணால் பாருங்கள், பிறகு 4, 10, 40. யூரெட்டரும் வாஸ் டெஃபரன்ஸும் (விந்துக்குழாய்) வெறும் கண்ணுக்கு ஒன்றுதான். 10இல் வாஸின் தசைச் சுவர் துளையை நெருக்கும் அளவுக்குத் தடிப்பாக இருக்கும். 40இல் யூரெட்டரில் டிரான்சிஷனல் எபிதீலியம், வாஸில் ஸ்டீரியோசிலியா. டியோடினத்துக்கு (சிறுகுடலின் தொடக்கம்) சப்மியூகோசாவில் புரூனர் சுரப்பி, இலியத்துக்குப் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) பேயர்ஸ் பேட்ச், தைமஸுக்கு ஹேசல்ஸ் கார்ப்பஸில். இந்த மாதிரி ஒற்றை அடையாளம் உள்ளவற்றை முதலில் முடித்துவிடுங்கள். தேர்வில் ஸ்லைடை நகர்த்தக் கூடாது. நுண்குமிழை (தெளிவைச் சரிசெய்யும் சிறு திருகு) மட்டும் தொடலாம். உங்களுக்கு முன் வந்தவர் நகர்த்தியிருந்தாலோ, ஆயில் பட்ட 40 லென்ஸ் மங்கலாக இருந்தாலோ உடனே கையைத் தூக்குங்கள். மணி அடித்தபின் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

தேர்வு நாளில் கேள்வியை முதலில் படியுங்கள், ஸ்பெசிமென் பிறகு. கேட்டது செயலாக இருக்கும்போது பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தவர்கள் ஏராளம். ஊசி ஆடி விலகியிருந்தால் அதற்கும் கையைத் தூக்கலாம். சுருக்கெழுத்து வேண்டாம், முழுப் பெயரும் பக்கமும் எழுதுங்கள். ஹால் குளிரும், உள்ளே மெல்லிய ஸ்வெட்டர் இருக்கட்டும். முக்கியமாக, எல்லாரும் 1ஆம் நிலையத்திலிருந்து தொடங்குவதில்லை. 14இல் நிற்கவைத்தால் முதல் விடையை 14ஆம் வரியில் எழுத வேண்டும். இடையில் வரும் ஓய்வு நிலையத்துக்கும் எண் உண்டு, தாளில் அந்த வரி காலியாகவே போகட்டும். அதை நிரப்பினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஒவ்வொரு வரியாகத் தள்ளிப்போகும். ஒவ்வொரு மணிக்கும் மேசை எண்ணையும் வரி எண்ணையும் ஒப்பிட்டுவிட்டே பேனாவை வையுங்கள்.