4,000 எழுத்துக்குள் ஒரு பதில்

டிசம்பர் 2

பள்ளியின் கடைசிப் பரீட்சையான எச்.எஸ்.சி. முடிந்தது. பழைய வினாத்தாள்களை அம்மா கட்டி அலமாரி மேல் போட்டுவிட்டார், தம்பிக்கு ஆகுமாம். அடுத்த வேலை, ஆங்கில இலக்கியம் படிக்க பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் வழியாக விண்ணப்பம். லண்டனில் மாமா இருக்கிறார், தங்க இடம் உண்டு. உதவித்தொகை கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் ரெத்வியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகம். அங்கே கட்டணமும் கிடையாது, மாணவர்களுக்கு பஸ்ஸும் இலவசம். அப்பாவின் கணக்கு இது.

படிவத்தில் மூன்று கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து, இடைவெளியும் கணக்கில் சேரும். இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்ற இரண்டையும் மதியத்துக்குள் எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டது முதல் கேள்வியில்: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்? சின்ன வயதிலிருந்தே வாசிப்பு பிடிக்கும் என்று எழுதிப் பார்த்தேன். யார் பெயரை மேலே போட்டாலும் பொருந்தும். அழித்துவிட்டேன்.

டிசம்பர் 5

அத்தை வந்திருந்தார். ஆங்கில இலக்கியம் என்றதும், "அப்போ டீச்சர் வேலைதானே?" என்றார். அத்தையின் மகன் ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் பரீட்சை எழுதுகிறான். எங்கள் ஊர் ரோஸ்ஹில்லில் வீட்டுக்கு ஒருவர் ஏ.சி.சி.ஏ. எழுதுகிறார்கள் போலிருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறவருக்கு அந்தப் பேச்சு இனிக்காமல் இருக்குமா?

டிசம்பர் 11

எங்கள் வீட்டில் சண்டை கிரியோலில் நடக்கும், பிரெஞ்சிலிருந்து பிறந்த ஊர்ப்பேச்சு அது. செய்தித்தாள் பிரெஞ்சு. அம்மா ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அதனால் அவரோடு தமிழ், கோவிலில் தமிழ், இந்த நாட்குறிப்பும் தமிழ். (எங்கள் தெருவில் தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் பலருக்குத் தமிழ் பேச வராது. அம்மாவின் தீராத குறை.)

ஆங்கிலத்தில் வீட்டில் யாரும் பேசுவதில்லை. 1810இல் பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரரிடமிருந்து தீவைப் பிடித்தபோது, மக்களின் மதம், சட்டம், வழக்கம் எதிலும் கை வைக்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் பிரெஞ்சும் நிலைத்துவிட்டது. ஆங்கிலம் ஆபீஸ், கோர்ட், பள்ளிக்கூடம் என்று மேல்மாடியிலேயே குடியிருக்கிறது. நாடாளுமன்றத்தின் மொழி அதுதான். உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம். ஆரம்பப் பள்ளியில் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், டீச்சர் அதைக் கிரியோலில் விளக்குவார். ஆங்கிலத்தில் யாரும் என்னைத் திட்டியதில்லை, கொஞ்சியதும் இல்லை. எனக்கு அது கட்டளையிடும் மொழி. கோடிட்ட இடத்தை நிரப்புக. முழு வாக்கியத்தில் விடை தருக.

இதை எழுதும்போது ஏதோ கைக்கு அகப்படுகிற மாதிரி இருந்தது. அதற்குள் தம்பி கம்ப்யூட்டர் கேட்டான்.

டிசம்பர் 19

அகப்பட்டது ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. ராஜாவைக் குத்திவிட்டு அவன் இறங்கி வருகிறான், கீழே மனைவி காத்திருக்கிறாள். நீ பேசினாயா என்று ஒரு கேள்வி. எப்போது? இப்போது. நான் இறங்கும்போதா? ஆம். அவ்வளவுதான், வரிக்கு ஒன்றிரண்டு சொல். யார் எதைக் கேட்டார்கள் என்று இருவருக்குமே நிச்சயமில்லை.

வகுப்பில் மிஸ் இதை எங்களில் இருவரை நிற்க வைத்து வாசிக்கச் சொன்னார். முதல் தடவை சிரித்துக்கொண்டே வாசித்தோம். இரண்டாம் தடவை ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் ஆரம்பிக்கவேண்டும் என்றார். அப்படி வாசித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை. முழு வாக்கியத்தில் விடை தரச் சொன்ன அதே மொழி மூச்சுத் திணறி நிற்கிறது! ஆங்கிலத்துக்குப் பயப்படவும் பொய் சொல்லவும் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மொழி வேறு எங்கெல்லாம் இப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ஆசை. பதிலின் முதல் பத்தி இதுதான்.

டிசம்பர் 28

கிறிஸ்துமஸ் சந்தடியில் எழுதவில்லை, வாசித்தேன். ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் 1888இல் ஒட்டாகோ என்ற கப்பலின் கேப்டனாக எங்கள் தலைநகர் போர்ட் லூயிக்கு வந்தவர். அவருக்குத் தாய்மொழி போலிஷ், அடுத்தது பிரெஞ்சு. ஆங்கிலம் இருபது வயதுக்கு மேல் கப்பல்களில் கற்றுக்கொண்டது. மூன்றாவதாக வந்த மொழியில்தான் அத்தனையும் எழுதினார். எனக்கும் ஆங்கிலம் கடைசியாக வந்ததுதான். ரொம்பத் தெம்பாக இருந்தது.

இந்தத் தீவை வைத்து அவர் ஒரு நீண்ட கதை எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயர் சொல்லாவிட்டாலும் நம் ஊர் என்று தெரிந்துவிடும். எங்கே திரும்பினாலும் சர்க்கரைப் பேச்சு. சர்க்கரை ஏற்ற வந்த கேப்டன், ஊர் ஒதுக்கிவைத்த ஒரு வியாபாரியின் தோட்டத்தில் அவருடைய மகளைப் பார்க்கப் போய் உட்காருகிறான். கடைசியில் அந்த வியாபாரி அவன் தலையில் உருளைக்கிழங்கை டன் கணக்கில் கட்டிவிடுகிறார்.

ஜனவரி 4

சர்க்கரை சரி, கரும்பு வெட்டியவர்கள் எங்கே? கான்ராட் வந்த காலத்தில் தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்தியர்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களாக வந்த தமிழர்களும் உண்டு. கதையில் இவர்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கேப்டனின் கண் துறைமுகத்திலும் பெரிய வீடுகளிலும் தோட்டத்திலும்தான் நிற்கிறது. எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து வருகிறது? இரண்டாம் பத்தி.

தேவ் விராசாமியைப் பற்றியும் ஒரு வரி. ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட்டை எடுத்து 1991இல் தூஃபான் என்று கிரியோல் நாடகமாக்கியவர். இந்தத் தீவில் ஆங்கில இலக்கியத்தை வெறும் பரீட்சைப் பாடமாக விட்டுவைக்காதவர்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள்.

ஜனவரி 8

புயல் எச்சரிக்கை, முதல் நிலை. மழை. அம்மா மெழுகுவத்தி எடுத்து வைத்தார். ஒன்றும் எழுதவில்லை.

ஜனவரி 10

அப்பா படித்துக் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் வாசித்து, தமிழிலும் கிரியோலிலுமாகச் சொன்னேன். மக்பெத்துக்குத் தலையாட்டினார். உருளைக்கிழங்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வித்தானா?"

"வித்தான்ப்பா. போன ஊர்ல கிழங்குக்குத் தட்டுப்பாடு. நல்ல லாபம்."

"சரக்குக் கூலி போகவா?"

அது தெரியவில்லை என்றேன். லாபம் பார்த்தும் அவன் அந்தக் கப்பல் வேலையை விட்டுவிடுகிறான் என்றதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஏன், எதற்கு என்று அரைமணி நேரம் கேள்வி. கிழங்கு பிடிக்கவில்லையா, அந்தப் பெண்ணா, முதலாளியா? ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு இடத்தைக் காட்டினேன், அவர் மறுத்தார். வகுப்பில்கூட இவ்வளவு நல்ல விவாதம் நடந்ததில்லை. ஏ.சி.சி.ஏ. பேச்சை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை, நாளைக்கு எடுக்கலாம்.

ஜனவரி 13

கடைசி நாள் 14, இங்கிலாந்து நேரம் மாலை ஆறு மணி, நமக்கு இரவு பத்து. அதுவரை இழுப்பானேன் என்று இன்றைக்கே அனுப்பிவிட்டேன். எழுத்து 4,000ஐத் தாண்டியதால் விராசாமி வரியைச் சுருக்க வேண்டியதாயிற்று, அதுதான் வருத்தம். கட்டணத்துக்கு அப்பா கார்டைக் கொடுத்தார், ரசீதை உடனே அச்சடித்து ஃபைலில் போடச் சொன்னார்.

மாமா போனில், "நேர்முகம் வைத்தால் என்னம்மா சொல்வே?" என்றார். சில கல்லூரிகள் வைக்குமாம். மக்பெத்தைச் சொல்லி ஆரம்பிப்பேன், கேட்டால் உருளைக்கிழங்குக்கும் வருவேன் என்றேன். இனி எச்.எஸ்.சி. முடிவு வரவேண்டும். வந்ததும் ரெத்விக்கு விண்ணப்பம். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டால் நல்லது, பதில் கைவசம் இருக்கிறது.