கறுப்புத் திரையும் துடிக்கும் கர்சரும்

இன்று ஒரு பெரிய லாக் கோப்பில் (நிரல் தான் செய்வதையெல்லாம் பதிந்துவைக்கும் கோப்பு) ஒரே ஒரு பிழையைத் தேட வேண்டியிருந்தது, கை தானாக, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, சொல்லைத் தேடித் தரும் கிரெப் கட்டளையைத் தட்டிவிட்டது, அப்புறம் பழைய நாட்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மவுஸ் கிடையாது. 80 எழுத்து அகலம், 24 வரி உயரம், அவ்வளவுதான் உலகம். 1978இல் வந்த விடி100 என்ற கணினி முனையத்தின் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவி) அளவு அது.

எனக்கு உயிர் பைப்தான். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் விடாமல் கேட்டு, சக ஆய்வாளர் கென் தாம்சன் 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தது. அதன் வழியாக ஒரு நிரல் கக்குவதை அடுத்த நிரல் வாங்கிக்கொள்ளும், வரிசைப்படுத்தும் சார்ட், அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை நீக்கும் யூனிக், சொற்களையும் வரிகளையும் எண்ணும் டபிள்யூசி என்று சின்னச் சின்னக் கருவிகளைக் கோத்து நமக்கு வேண்டியதை நாமே ஒரே வரியில் செய்துகொள்ளலாம். அந்த வரி முதல் தடவையிலேயே சரியாக ஓடும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, எனக்கு அது இன்னும் குறையவே இல்லை.

நீங்கள் முதலில் கற்ற கட்டளை எது?