ஜூலை வரைக்கும் இருந்துட்டுப் போ

சிப்காட்டில் என்னோடு லேபில் இருந்த சீனியர் கெமிஸ்ட்டுக்கு என்னை ஏன் ஆகாமல் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஷிஃப்ட் மாறும்போது வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுப் போவார், மேனேஜர் காலையில் முதலில் அதைத்தான் படிப்பார் என்று தெரிந்தே. ஒரு தடவை என் டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு பார்க்கும் சோதனை) ரீடிங் தப்பு என்று எழுதியிருந்தார். அதற்கு எடுக்கும் காஸ்டிக் சோடா கரைசல் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலு குறையும், அதனால் அவ்வப்போது ஸ்டாண்டர்டைஸ் பண்ண வேண்டும், அதாவது அதன் இப்போதைய வலுவை அளந்துகொள்ள வேண்டும். நான் பண்ணித்தான் எடுத்தேன், அவர் பழைய நார்மாலிட்டியை, அதாவது பழைய வலுவின் அளவைப் போட்டுக் கணக்குப் பார்த்திருந்தார். எடுத்துக் காட்டினேன். அதற்கப்புறம் இன்னும் மோசம்.

வேறு வேலை தேடுவதை யாரிடமும் சொல்லவில்லை. லீவு கேட்டால் தெரிந்துவிடும் என்று, சி ஷிஃப்ட் என்கிற ராத்திரி ஷிஃப்ட் முடித்து காலை ஆறு மணிக்கு அப்படியே பஸ் ஏறி, கடலூரில் பாண்டி பஸ் மாறி, சேதராப்பட்டு போய் இன்டர்வியூ கொடுத்தேன். வேலை கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் சேரச் சொன்னார்கள்.

அந்த வாரம்தான் அவர் என் மேஜைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, நாலு வருஷம் 240 நாள் ஆயிட்டாலே கிராஜுவிட்டி கேக்கலாம், ஐகோர்ட்டே சொல்லியிருக்கு. ஜூலை வரைக்கும் இருந்துட்டுப் போ" என்றார். அதுவரை என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "சரி சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னது சரிதான். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, வாங்க சட்டப்படி ஐந்து வருடம் வேண்டும், ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்றால் எனக்கு அது சின்னத் தொகை இல்லை. அப்படியும் நான் ஏப்ரலிலேயே பேப்பர் போட்டேன், ஏனென்றால் சேதராப்பட்டில் ஜூலை வரை காத்திருக்க மாட்டார்கள், கையில் இருக்கும் வேலையை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். இதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன், பொய்யும் இல்லை. ஆனால் அதே வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் புது இடத்தில் ஒரு தடவை தேதி தள்ளிக் கேட்டுப் பார்த்திருப்பேன். அவர் சொன்னதால் கேட்கவில்லை. நான் போவது தனக்குத் தெரியும் என்று காட்டுகிறார், ஜூலைக்குள் விஷயத்தை மேலே கொண்டுபோய் எல்லாவற்றையும் கெடுப்பார் என்றுதான் பட்டது. அவர் கொண்டுபோகவில்லை. நான் பேப்பர் போட்டபோது மேனேஜர் நிஜமாகவே அதிர்ந்துபோனார்.

நல்ல மனசு என்கிறாள் என் மனைவி. எனக்கு அப்படி முழுசாகச் சொல்ல வரவில்லை, அதைச் சொன்ன மறுநாளே ரிஜிஸ்டரில் என் பெயரைப் போட்டு, பிப்பெட் கழுவவில்லை என்று எழுதியவர் அவர். கழுவித்தான் வைத்திருந்தேன். வெறுக்கிற ஒருவன் சேர்ந்த தேதியை ஞாபகம் வைத்து, அதிலிருந்து 240 நாளை யார் எண்ணிப் பார்ப்பார்கள்?