தாலந்து என்றால் பாட்டும் கீபோர்டும் மட்டுமா?

நம் சபைகளில் தாலந்து, அதாவது திறமை, என்றதும் பாடகர் குழுதான் நினைவுக்கு வரும். ஆனால் மத்தேயு 25-இல், எஜமான் தன் ஊழியர்களுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து கொடுத்துச் செல்லும் இயேசுவின் உவமையில், அது பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரியம் (ரோம வெள்ளி நாணயம்), கூலியாள் ஒருவரின் சுமார் இருபது ஆண்டுச் சம்பளம். ஒன்றே ஒன்று பெற்றவன்கூட வெறுங்கையன் இல்லை!

தேவன் தரும் வரங்களை, அதாவது திறமைகளை, அப்போஸ்தலன் பவுல் பட்டியலிடும் ரோமர் 12:6-8-ஐ நிதானமாக வாசியுங்கள். ஏழு வரங்களில் பிரசங்க மேடை தேவைப்படாதவைதான் அதிகம். கடைசி மூன்றையும் எப்படிச் செய்வது என்றும் பவுல் சொல்கிறார்: கொடுப்பவர் வஞ்சனையில்லாமல், நடத்துபவர் ஜாக்கிரதையாக, இரக்கம் செய்பவர் உற்சாகத்துடன். அந்தந்த வரம் உள்ளவர் சறுக்கக்கூடிய இடமும் அதுவே; உதாரணமாக, ஆஸ்பத்திரிக்கு ஓடி ஓடி உதவுகிறவர்தான் முதலில் சோர்ந்துபோவார்.

உங்கள் வரம் எது என்று தெரியவில்லையா? வினாத்தாள் நிரப்புவதைவிட, ஏதாவது ஒரு வேலையை 12 வாரம் செய்து பாருங்கள். ஞாயிறு பள்ளி, கணக்கு எழுதுவது, முதியோரைச் சந்திப்பது, எதுவானாலும் சரி. இரண்டு வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம்; தொடக்கத் தடுமாற்றத்தை வரமின்மை என்று எண்ணிவிடுவோம். பிறகு அருகிலிருந்து பார்த்த மூவரிடம், “நான் செய்ததில் எது உங்களுக்கு உதவியது?” என்று கேளுங்கள். “என் வரம் என்ன?” என்று கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும்.

தெரிந்தபின் வேறு வேலைகளைக் குறையுங்கள். யாத்திராகமம் 18-இல் மோசே காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்தார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை வைக்கச் சொன்னது மாமனார் எத்திரோ. மோசே அப்படியே செய்தார்.